மூன்று கைப்பைகளில் மூன்று பணிஸ்

கிளினிக் வாங்கில் நாங்கள் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். சுவர்ப்பக்கம் மெற்றில்டா அக்கா, நடுவில் நான், அந்தப் பக்கம் றெஜினா. காலை பத்து மணி இருக்கும். யாரோ ஒருவர் தன் தாயின் நினைவு நாள் என்று சொல்லி, வந்திருந்த நோயாளர் எல்லோருக்கும் பால் தேநீரும் பணிஸும் கொடுத்துக்கொண்டு வந்தார். அப்போதுதான் பேக்கரியில் இருந்து வந்த பணிஸ். மேலே சீனி மினுங்கியது. அந்த வாசம் மருந்து மணத்தையும் தள்ளிக்கொண்டு மூக்குக்குள் வந்தது.

நான் ஒன்றை வாங்கினேன். "பிறகு சாப்பிடுறன்" என்று சொல்லி லேஞ்சிக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தேன். தேநீரை, "எனக்குப் பால் ஒத்துக்கொள்ளாது" என்று முன்னால் இருந்த கிழவருக்குக் கொடுத்தேன். பச்சைப் பொய். பால் தேநீர் என்றால் எனக்கு உயிர்.

வயிறு சத்தம் போட்டது. பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்குமோ என்று பயந்து இரண்டு தரம் இருமினேன். எதிர்ச்சுவரில் கை கழுவுவதைப் பற்றி ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தது. அதையே திரும்பத் திரும்ப வாசித்தேன்.

வலது கையின் ஆள்காட்டி விரல் கட்டுக்குள் விண் விண் என்று வலித்துக்கொண்டிருந்தது. அந்த விரலின் நுனியை வெட்டி எடுப்பதா, விடுவதா என்று அன்றைக்குத்தான் டொக்டர் சொல்வதாக இருந்தார். கரும்பலகையில் எழுதச் சோக்கட்டி பிடிக்கிற விரல் அது. பயத்தில் எனக்கு உள்ளங்கால் எல்லாம் வியர்த்திருந்தது.

விரலே போகப்போகிறது, இவள் ஏன் பணிஸை ஒளிக்கிறாள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

சோழகம் கொண்டுபோன வள்ளம்

என் மனுசன் பெனடிக்ற் பேசாலையில் கடலுக்குப் போகிறவர். நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானமும் சுகாதாரமும் படிப்பிக்கிறவள். கடலும் கரும்பலகையும் ஒரு வீட்டுக்குள் எப்படி வந்து சேர்ந்தன என்று இரண்டு வாரங்களுக்கு முன் இதே பத்தியில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி, "அப்போ வீட்டில் யார் மீன் வெட்டுவது?" என்றே கேட்டிருந்தன. நான்தான், வேறு யார்! இந்தக் கதையில் அதுவும் ஒரு காரணம்.

ஒரு நாள் இவரும் வேறு இரண்டு பேரும் போன வள்ளத்தின் எஞ்சின் நடுக்கடலில் நின்றுவிட்டது. சோழகக் காற்று நல்ல வீச்சாக இருந்த காலம். காற்று வள்ளத்தை வடக்கே தள்ளிக்கொண்டு போய் அக்கரையில் இந்தியப் பக்கம் விட்டுவிட்டது. இரண்டு நாள் ஒரு தகவலும் இல்லை. மூன்றாம் நாள், உயிரோடு இருக்கிறார்கள், ஆனால் எல்லை தாண்டியதாகப் பிடித்து மறியலில் வைத்திருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. உயிரோடு என்ற சொல்லைக் கேட்டதும் நான் முற்றத்து மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அதன் பிறகு தவணை. வழக்கை எடுப்பார்கள், அடுத்த தவணைக்குத் தள்ளுவார்கள். ஒவ்வொரு தடவையும் இன்றைக்கு விட்டுவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு காலையில் வீடு கூட்டுவேன். பின்னேரம் சட்டத்தரணி அழைத்து, தள்ளிவிட்டார்கள் என்பார்.

கிழமைக்கு ஒரு தடவை இவரோடு கதைக்க விடுவார்கள். இரண்டு நிமிடம்கூட இருக்காது.

"சுகமா இருக்கிறியோ?"

"ஓம், நல்ல சுகம். நீங்கள்?"

"எனக்கென்ன, நல்லா இருக்கிறன். சாப்பாடெல்லாம் நல்லம்."

இரண்டு பேரும் வாய் கூசாமல் பொய் சொன்னோம். போனை வைத்த பிறகு அலுமாரிக் கண்ணாடியில் என்னைப் பார்ப்பேன். நல்ல சுகம் இருந்த முகம் அது இல்லை.

சொன்னால் பலிக்காது

செய்தி வந்த அன்று பின்னேரமே கோயிலுக்குப் போய் அந்தோனியார் சுரூபத்தின் முன்னால் ஒரு நேர்த்தி வைத்தேன். இவர் வந்து சேரும்வரை ஒவ்வொரு நாளும் ஒருசந்தி. அதாவது நாளுக்கு ஒரு நேரச் சாப்பாடு. படுப்பது வெறும் நிலத்தில், தலையணை இல்லாமல்.

நேர்த்தியை வெளியே சொல்லக்கூடாது என்பது எங்கள் ஊர்ப் பெண்களின் நம்பிக்கை. சொன்னால் பலிக்காது. எந்தச் சுவாமியாரும் பிரசங்கத்தில் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் ஊர் முழுக்க அப்படித்தான். எனவே யாருக்கும் நான் மூச்சுக்கூட விடவில்லை.

நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன், இதை எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது. நிறையுணவுப் படத்தைச் சுவரில் ஒட்டிவைத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள் நான். காலைச் சாப்பாட்டை விடக்கூடாது என்று தொண்டை வரளக் கத்துகிறவள், அதே நேரம் காலையில் ஒரு மிடறு தண்ணீரோடு நின்றிருக்கிறேன்.

பசிகூடப் பழகிவிட்டது. பழகாதது யோசனைதான். போன் மணி அடித்தால் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடுவேன். அடிக்காவிட்டாலும் ஓடிப்போய்ப் பார்ப்பேன். நிலத்தில் படுத்தால் நித்திரை வராது. கண்ணை மூடினால் அந்த வள்ளமும் அலையும்தான் தெரியும். பள்ளிக்கூடத்தில் கதவு படாரென்று சாத்தினால் துள்ளி விழுவேன். இரண்டு மாதத்துக்கு மேலாக உடம்பு இப்படியே பதறிக்கொண்டிருந்தது.

ஒரு கெளுத்தி முள்

அப்படியான ஒரு நாளில்தான் மீன் வெட்டும்போது கெளுத்தி முள் விரலில் ஏறியது. பேசாலையில் இது ஒரு செய்தியே இல்லை. சின்ன வயதில் இருந்து எத்தனை முள் குத்தியிருக்கிறது. கழுவி, மருந்து போட்டால் ஒரு கிழமையில் இருந்த இடம் தெரியாது.

இது மாறவில்லை. வீங்கியது, சீழ் வைத்தது, வெட்டித் துப்புரவாக்கினார்கள், மருந்து தந்தார்கள். கொஞ்சம் வற்றும், பிறகு மறுபடி பொங்கும். அதோடு வாய்ப்புண். மூக்கொழுகி விடாத தடிமன். வழக்குத் தள்ளிப்போன செய்தி வந்தால் அடுத்த நாள் காய்ச்சல். இதைத் தற்செயல் என்று நினைத்தேன். நானும் ஒரு விஞ்ஞான ரீச்சர்!

சீனி வருத்தமாக இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். சோதித்தார்கள். சீனி இல்லை. இடது கையால் கரும்பலகையில் எழுதினேன். எழுத்துகள் எல்லாம் ஒரு பக்கம் சரிந்து நின்றன. வகுப்பே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

கிளினிக்கில் இருந்த டொக்டர் நானாட்டான் பக்கத்து வயல்காரர் வீட்டுப் பிள்ளை. இளம் பெண். குரல் உயர்த்தவே மாட்டார். பணிஸ் கதைக்கு முந்தின தடவை போனபோது என்னைக் கேட்டார்.

"ரீச்சர், நேரத்துக்குச் சாப்பிடுறனீங்களோ?"

"ஓம் டொக்டர்."

"நித்திரை?"

"அது நல்லாக் கொள்ளுறன்."

அவர் என் கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பைப் பார்த்தார். "வீட்டில ஏதும் பெரிய யோசனையோ? யோசனை கூடினாலும் புண் மாறச் சுணங்கும்" என்றார்.

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்துவிட்டது. "என்ன டொக்டர் கதைக்கிறீங்கள்? எங்கட சனம் எப்ப யோசிக்காம இருந்தது? அப்பிடிப் பாத்தா இந்த மன்னாரில ஒருத்தருக்கும் ஒரு புண்ணும் மாறியிருக்கக் கூடாதே!"

அவர் சிரித்தார். "மாடு துரத்திக்கொண்டு வந்தா ஓடுவீங்களோ, நிண்டு வேலி அடைப்பீங்களோ?"

"ஓடுவன்."

"உடம்பும் அப்பிடித்தான். பயம் வந்தா ஓடுறதுக்கு எல்லாப் பலத்தையும் எடுக்கும். வேலி அடைக்கிற வேலையைப் பிறகு பாப்பம் எண்டு விட்டிடும். கொஞ்ச நேரம் எண்டாப் பரவாயில்லை. மாதக்கணக்கா ஓடினா வேலி என்னாகும்? வந்த கிருமி எல்லாம் உள்ளுக்க வரும்."

வெண்குருதிக் கலங்கள் கிருமியோடு சண்டை பிடிப்பதைக் கரும்பலகையில் கலர்ச் சோக்கால் கீறிக் காட்டியவள் நான். அந்தக் கலங்கள் எனக்குள்ளும் இருக்கின்றன, அவையும் களைக்கும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. ஆனாலும் அன்று மூஞ்சியை நீட்டிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

பணிஸ் உருண்டது

சரி, இனி வாங்குக்கு வருவோம்.

மெற்றில்டா அக்காவும் றெஜினாவும் இவரோடு போன மற்ற இரண்டு பேரின் மனைவிமார். மெற்றில்டா அக்காவுக்கு வாய் சொண்டெல்லாம் புண், நெஞ்சுச் சளி. றெஜினாவுக்கு முப்பது வயதுகூட இல்லை, விலாவில் அக்கி போட்டிருந்தது. சின்ன வயதில் வந்த கொப்பளிப்பான் கிருமி உடம்புக்குள்ளேயே படுத்துக் கிடக்குமாம். உடம்பு தளர்ந்தால் எழும்பி அக்கியாக வருமாம். அவள் வலது பக்கம் சாயவும் முடியாமல், இடது பக்கம் என் மேல் சாயவும் மனம் இல்லாமல் நிமிர்ந்து இருந்தாள்.

முதலில் றெஜினாவைக் கூப்பிட்டார்கள். கிளினிக் துண்டுச்சீட்டை எடுக்க அவள் அவசரமாகக் கைப்பையைத் திறந்தாள். பணிஸ் ஒன்று துள்ளி விழுந்து வாங்குக்குக் கீழே உருண்டது.

"அடி கடவுளே" என்று மெற்றில்டா அக்கா அதை எடுக்கக் குனிந்தார். அவருடைய பை தோளில் இருந்து சரிந்தது. அதற்குள் இருந்தும் ஒரு பணிஸ்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. சத்தம் கேட்டு டொக்டர் வாசலுக்கு வந்தார். நிலத்தில் இருந்த இரண்டு பணிஸையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ரீச்சர், உங்கட பையையும் ஒருக்காத் திறவுங்கோ."

திறந்தேன். லேஞ்சியைச் சுற்றி எறும்பு வரிசை கட்டியிருந்தது.

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். டொக்டர் எங்களை உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். றெஜினாதான் முதலில் உடைந்தாள்.

"நான் ஒருசந்தி டொக்டர். அவர் வாறவரைக்கும் நேர்த்தி."

மெற்றில்டா அக்கா பாய்ந்து அவள் வாயைப் பொத்தினார். "வாயை மூடு! சொன்னாப் பலிக்காது!"

றெஜினா கையைத் தட்டிவிட்டாள். "அப்ப நீங்கள் ஏன் அக்கா பணிஸை ஒளிச்சனீங்கள்?"

அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். பிறகு கணக்குப் பார்த்தால், மூன்று பேரும் ஒரே நாளில், ஒரே சுரூபத்துக்கு முன்னால், ஒரே நேர்த்தியை வைத்திருக்கிறோம். ஒருவருக்கொருவர் தெரியாமல்! றெஜினா வெறும் நிலத்தில் படுத்தாள், அக்காவும் வெறும் நிலத்தில் படுத்தார். அக்கா இதற்கு மேலே உப்பையும் விட்டிருந்தார்.

டொக்டர் ஏசவில்லை. எங்கள் அழுகை ஓயும்வரை இருந்துவிட்டு, என் கட்டை அவிழ்த்துப் பார்த்தார்.

"இரண்டு கிழமை பாப்பம் ரீச்சர். மருந்து நான் தருவன். ஆனா வேலி அடைக்கிற ஆள் உங்களுக்குள்ளதான் இருக்கிறார். அவருக்குச் சாப்பாடும் நித்திரையும் நீங்கள்தான் குடுக்கோணும். இல்லாட்டி நுனியை எடுக்கத்தான் வேணும். எலும்புக்கு இறங்கினாப் பிறகு விரலே போயிடும்."

நான் தலையாட்டினேன். உள்ளுக்குள், போனால் போகட்டும் என்றே நினைத்தேன். விரல் போனால் இடது கையால் எழுதலாம். நேர்த்தியை முறித்து, அதனால் இவர் வராமல் போனால் நான் என்ன செய்வேன்? பைத்தியக்காரத்தனம் என்று எனக்கும் தெரியும். தெரிந்தும் பயந்தேன்.

"விரலைக் கேட்டவரோ?"

மெற்றில்டா அக்கா நேரே எங்கள் இருவரையும் பங்குத் தந்தையிடம் இழுத்துக்கொண்டு போனார். பாதர் மோட்டார் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். கறுத்த கையோடேயே முழுக் கதையையும் கேட்டார்.

"ரீச்சர், அந்தோனியார் உங்களிட்ட வந்து விரலைத் தா எண்டு கேட்டவரோ?"

"இல்லை பாதர்."

"பிறகென்னத்துக்குக் குடுக்கப் போறீங்கள்?"

நேர்த்தியை மாற்றித் தரத் தனக்கு அதிகாரம் இருக்கிறது என்றார். அங்கேயே மாற்றினார். ஒருசந்திக்குப் பதிலாக மூன்று பேரும் ஒவ்வொரு பின்னேரமும் ஒரு வீட்டில் கூடிச் செபமாலை சொல்ல வேண்டும். சொல்லி முடிந்ததும் கூடியிருந்து சாப்பிட வேண்டும். "ஒருத்தியும் மற்றவளிட்ட 'நான் நல்ல சுகம்' எண்டு பொய் சொல்லக் கூடாது. இதுதான் நேர்த்தி. முறிச்சாப் பாவம்" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

முதல் நாள் என் வீட்டில். இடியப்பமும் சொதியும் சூடை மீன் பொரியலும். முதல் கவளத்தை வாயில் வைத்துவிட்டு விழுங்க முடியாமல் இருந்தேன். "அவர் அங்க என்ன சாப்பிடுறாரோ" என்று அழுதேன். அக்காவும் அதையே சொல்லி அழுதார். அழுது முடித்து இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டோம். அன்று தலையணையில் தலை வைத்ததுதான் தெரியும்.

அடுத்த தவணை

பத்தாம் நாள் தவணை. மறுபடியும் தள்ளிவிட்டார்கள்.

என் கையில் இருந்த சோற்றுக் கோப்பையை அப்படியே தள்ளிவைத்தேன். "நான் சாப்பிட்டதாலதான்! நேர்த்தியை விட்டதாலதான்!" என்று தலையில் அடித்துக்கொண்டேன். இன்றைக்கே மறுபடி தொடங்குகிறேன் என்றேன்.

அதுவரை என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிராத றெஜினா எழும்பி நின்றாள்.

"ரீச்சர், மூண்டு தவணை நாங்கள் பட்டினி கிடந்தனாங்கள். மூண்டையும் தள்ளினவங்கள்தானே! அப்ப பட்டினியாலயோ தள்ளினவங்கள்? நீங்கள் என்னத்தைத்தான் பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறீங்கள்?"

மெற்றில்டா அக்கா கோப்பையை எடுத்து மறுபடி என் மடியில் வைத்தார். "தின் பிள்ளை" என்றார். தின்றேன். மூக்கைச் சிந்திச் சிந்தித் தின்றேன்.

அடுத்த நாள் காலை எழும்பி நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். தவணை தள்ளினால் வருகிற காய்ச்சல் வரவில்லை. நம்ப முடியாமல் கழுத்தையும் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்துதான் இருந்தது. துயரம் அப்படியே இருந்தது, ஆனால் உடம்பு அதைத் தாங்கிக்கொண்டு நின்றது. அந்த வாரமே கட்டை அவிழ்த்தபோது புண்ணின் ஓரத்தில் புதுத் தசை இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. டொக்டர் எனக்குக் காட்டி, "வெட்டத் தேவையில்லை" என்றார். நான் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

மருந்தும் வேலை செய்தது, சோறும் வேலை செய்தது. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் அதே மருந்தை முன்பும் குடித்தேன், அப்போது மாறவில்லை. இதை மட்டும் சொல்வேன். றெஜினாவின் அக்கியும் காய்ந்தது. அக்கா உப்புப் போட்டுச் சாப்பிட்டார்.

வாய்கள்

உடம்பு தேறியதும் ஊர் வாய் திறந்தது. "மனுசன் மறியலில. இவவின்ர முகம் மினுங்குது" என்று பூசை முடிந்து வரும்போது ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது. திரும்பி நாலு வார்த்தை கேட்கலாம் என்று வாய்வரை வந்தது. கேட்கவில்லை. வலித்தது. ஏனென்றால் அதே கேள்வி எனக்குள்ளும் இருந்தது. இவர் வந்து பார்க்கும்போது, தான் இல்லாத குறையே இவளுக்குத் தெரியவில்லை என்று நினைத்துவிடுவாரோ?

இரண்டு தவணைக்குப் பிறகு விட்டுவிட்டார்கள். விமானத்தில் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் மன்னாருக்கு வருகிறார்கள் என்றார்கள். அன்று காலை அலுமாரியைத் திறந்து, உடுத்தால் மெலிவாகக் காட்டும் பழைய சேலை ஒன்றைத் தேடினேன். அப்படியொரு கூத்து! அதையும் உங்களிடம் சொல்லத்தான் வேண்டும்.

பஸ் நிலையத்தில் மூன்று பேரும் நின்றோம். நல்ல வெயில். காற்று மணலை அள்ளி முகத்தில் எறிந்தது. கடைசியாக இறங்கியவர் இவர். தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டி, சட்டைக்குள் ஆளே இல்லை. ஓடிப் போகாமல் நின்ற இடத்திலேயே நின்றேன்.

இவர் என்னைத் தலையில் இருந்து கால்வரை பார்த்தார். மறுபடியும் பார்த்தார். நான் குற்றவாளி மாதிரித் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அப்பாடா" என்றார். "நீ சாப்பிடாமக் கிடந்து செத்துப்போவாய் எண்டு நினைச்சு நினைச்சுத்தான் அங்க எனக்குச் சோறு இறங்கேல்ல. நீ இப்பிடி இருக்கிறாய் எண்டு தெரிஞ்சிருந்தா நானும் சாப்பிட்டிருப்பனே, என்னப்பா."